விளம்பரப் படம் எடுக்கிறவர்தானே!

புகைப்படக் கலை பற்றிய அந்தக் கலந்துரையாடலை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். அத்தனை வருடம் உழைத்த ஒரு மூத்த புகைப்படக்காரரை மேடையில் உட்கார வைத்துக்கொண்டே, "இவர் விளம்பரப் படம் எடுக்கிறவர்தானே" என்றார் கலைப் படங்களைக் காட்சிக்கு வைத்து விற்கும் அந்த கேலரிக்காரர். சுவரில் இருந்த படங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

விளம்பரம் எடுக்கிற கைதான் கலையும் செய்கிறது. இது புதிய விஷயமே இல்லை. அமெரிக்கப் புகைப்படக்காரர் இர்விங் பென் 1943-லிருந்து வோக் என்ற ஃபேஷன் பத்திரிகைக்கு அட்டைப்படம் எடுத்தவர். கிளினிக் அழகுப் பொருட்களின் விளம்பரங்களும் அவர் எடுத்தவைதான். தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளை அவர் படமெடுத்து, பிளாட்டினம் உப்பு பூசிய தாளில் அச்சிடும் பெரிய பிளாட்டினம் பிரிண்ட்களாகப் போட்டார். 1975-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. க்ரீம் புட்டியைப் பார்த்த அதே பொறுமைதான் சிகரெட் துண்டையும் பார்த்தது. மலைகளைப் படமெடுத்துப் புகழ்பெற்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸின் படம் 1969-ல் காபி டின்னில் அச்சாகி வந்தது. அவரை யாராவது கலைஞர் இல்லை என்கிறார்களா?

எனக்கு வெளிச்சத்தைக் கற்றுத் தந்ததே விளம்பர வேலைதான். வெள்ளைப் பின்னணியில் கண்ணாடிப் புட்டியை வைத்தால் அதன் ஓரம் கரைந்துபோகும். இரண்டு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்தினால்தான் கோடு எழும்பும். பிறகு ஆளில்லாத அறைகளை எனக்காக எடுக்கத் தொடங்கியபோது, ஜன்னலோரம் எங்கே இருட்டு வேண்டும் என்று அந்தப் பழக்கம்தான் சொன்னது. அந்தப் பிரிண்ட்களை ஒரு கியூரேட்டர், அதாவது கண்காட்சிக்குப் படங்களைத் தேர்ந்தெடுப்பவர், வெகுநேரம் ரசித்துப் பார்த்தார். அப்புறம் பிழைப்புக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பார்த்துக்கொண்டிருந்த பிரிண்ட்டைக் கீழே வைத்துவிட்டார். இன்னும் வலிக்கிறது.

"விளம்பரத்தில் கிளையண்ட் சொல்கிறபடிதானே எடுக்கிறீர்கள்?" என்பீர்கள். சரி, என்ன பொருள், எந்த அளவு என்று அவர் சொல்வார். லைட்டை எங்கே வைப்பது என்று அவரா சொல்கிறார்?

"காசுக்காக" என்பவர்களுக்குப் பதில் சொல்லவே பிடிக்கவில்லை. ஒரு பிரிண்ட் விற்றால் பல கேலரிகள் விலையில் பாதியை எடுத்துக்கொள்கின்றன. பல நேரம் பிரிண்ட் செலவு, ஃப்ரேம் செலவு எல்லாம் எங்களுடையது. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? விளம்பர ஷூட்டிலிருந்துதான். எங்கள் விளம்பரக் காசில் உங்கள் சுவர் நிறைகிறது, ஆனால் நாங்கள் அந்தச் சுவருக்குத் தகுதியில்லையா?

அந்த கேலரிக்காரர் மன்னிப்புக் கேட்க வேண்டும். தனியாகப் போன் போட்டு இல்லை, அதே மேடையில், அதே ஆட்கள் முன்னால்.