ஒரு போன் போட்டால் முடிந்திருக்குமே!

பல சூப்பர் ஹீரோக்கள் ஒரே கதை உலகில் வாழும் மார்வெல் படங்களைத் தமிழ்க் குரலில் பார்த்து வளர்ந்த எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்து இளவட்டங்கள் இடைவேளையில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஏனுங்ணா, மத்த ஹீரோக்களுக்கு ஒரு போன் போட்டிருந்தா அப்பவே முடிஞ்சிருக்குமில்லீங்ளா?" எல்லா நடிகர்களுக்கும் சம்பளம் யார் கொடுப்பது என்று சிரித்தபடி பதில் சொல்லிவிடலாம். அது உண்மைதான் என்றாலும், அது தயாரிப்பாளரின் பதிலே தவிர கதையின் பதில் அல்ல.

2012இல் நியூயார்க்கைக் காத்த அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர் ஹீரோக் கூட்டணி, மறு ஆண்டே வந்த 'அயர்ன் மேன் 3' படத்தின் சண்டைகளில் தலைகாட்டவே இல்லை. அயர்ன் மேனான ஸ்டார்க் தன் வீட்டு முகவரியைச் செய்தியாளர்களிடம் சொல்லி எதிரிக்குச் சவால் விடுகிறார், வீடு இடிந்து கடலில் சரிகிறது, கடைசியில் அமெரிக்க அதிபரையே கடத்திக்கொண்டு போகிறார்கள். ஸ்டார்க் வீம்புக்காரர், அவர் யாரையும் கூப்பிடாததை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் கேப்டன் அமெரிக்கா என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பவர் அதிபர் கடத்தப்பட்ட பிறகும் ஏன் வரவில்லை என்பதற்குப் படம் ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

அதே கேப்டனுக்கு 2014இல் வந்த 'விண்டர் சோல்ஜர்' படத்தில் அந்தக் குறை இல்லை. அவர் வேலை செய்யும் ஷீல்டு உளவு அமைப்புக்குள்ளேயே ஹைட்ரா என்ற எதிரிக் கூட்டம் புகுந்திருப்பதால், யாரைக் கூப்பிட்டாலும் அவர் எதிரியின் ஆளாக இருக்கலாம். நம் கிணத்துக்கடவுக்காரர் லோகேஷ் கனகராஜ் 'கைதி'யில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். மேலதிகாரிகள் மயங்கிக் கிடக்கிறார்கள், துறைக்குள்ளிருந்தே தகவல் கசிகிறது, ஆகவே போலீஸ் அதிகாரி பிஜாய்க்குச் சிறையிலிருந்து வந்த டில்லியை விட்டால் வேறு வழியில்லை. 'லியோ'வில் பழைய அடையாளத்தை மறைத்து வாழும் பார்த்திபன் உதவி கேட்டால் தான் யாரென்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டார்க்கின் மடக்கு போன்தான். 2016இல் அவரும் கேப்டன் அமெரிக்காவான ரோஜர்ஸும் அடித்துக்கொண்டு பிரிந்த பிறகு, தேவைப்பட்டால் கூப்பிடு என்று கடிதத்தோடு ரோஜர்ஸ் அனுப்பிய அந்தப் போனை, 2018இல் எதிரியின் கப்பல் ஊருக்கு மேலே வந்து நிற்கும்போது ஸ்டார்க் கையில் எடுத்து, அழுத்தாமல் தயங்குகிறார். பிறகு கீழே கிடக்கும் அதை எடுத்துப் பேசுவது ஹல்க்காக மாறும் பேனர்தான். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன பங்காளிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தயக்கத்தை விளக்க வேண்டியதில்லை. நள்ளிரவில் தோட்டத்துச் சாளையில் திருடன் புகுந்தாலும், பக்கத்துத் தோட்டத்துப் பங்காளியைக் கூவி அழைக்க முதலில் வாய் வராது.

'ஸ்பைடர்மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம்' படத்தில் தோர் இல்லை, ஸ்ட்ரேஞ்ச் இல்லை என்று விடுப்புக் கடிதம்போல் அடுக்கும்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் அவெஞ்சர்ஸைத் திரட்டிய ஃபியூரியின் உருவில் இருந்தவர் டாலோஸ் என்ற உருமாறும் வேற்றுக்கிரகவாசி என்பதும், அவெஞ்சர்ஸ் எங்கே என்று கேட்டவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் அவர் திணறியதும் கடைசியில் வெளிப்பட்டபோது, சப்பைக்கட்டையும் கதையாக்கிவிட்டார்களே என்று சிரித்துவிட்டேன்.

லோகேஷின் படங்களும் ஒரே கதை உலகம் என்பதால் அவருக்கு இனிமேல்தான் சோதனை. டில்லியை அறிந்த பிஜாய் 'விக்ரம்' படத்தில் விக்ரமோடு சேர்ந்துவிட்டார், 'லியோ' முடிவில் விக்ரமே பார்த்திபனுக்குப் போன் செய்துவிட்டார். இத்தனைக்கும் பிறகு அடுத்த படத்தில் டில்லி தனியாக மாட்டிக்கொண்டால், மற்றவர்கள் வராததற்குக் கதையிலேயே காரணம் இருந்தாக வேண்டும். நம்ம ஊர்க்காரர் என்பதற்காக இங்கே யாரும் விட்டுவிடப் போவதில்லை.