தாய்மாமனுக்குப் பெரிய எழுத்து

பெரியவர்: இன்னாம்மா இது? பெண்ணோட தாய்மாமன், சபையில் முதல் தாம்பாளம் தூக்குகிற ஆள். கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் 'பிரைட்ஸ் அங்கிள்' என்று அடித்து அவருக்குச் சின்ன 'யு' போட்டிருக்கிறாயே?

டிடிபி பெண் (கடையில் பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் அடிப்பவர்): அது காமன் நவுன், பொதுப்பெயர் அண்ணா. ஊர் உலகத்தில் எல்லாருக்கும் அங்கிள் உண்டு. பக்கத்திலேயே அவர் பெயர் இருக்கிறது பாருங்கள், அதுதான் ப்ராப்பர் நவுன், சிறப்புப்பெயர். அதுக்குப் பெரிய எழுத்து போட்டாச்சு.

பெரியவர்: ஊர் உலகத்து அங்கிள் எல்லாம் ஆறு சவரன் போடுகிறானா?

டிடிபி பெண்: எத்தனை சவரன் போட்டாலும் சின்ன 'யு'தான்.

பெரியவர்: போன கல்யாணத்தில் ரசம் ஆறிப்போச்சு என்று பாதிப் பந்தியில் பஸ் ஏறினவர் அவர். இதைப் பார்த்தால் மண்டபத்துக்கே வரமாட்டார். சரி, வழி போட்ட இடத்தில் 'பாலார் ரிவர்' என்று ரெண்டுக்கும் பெரிய எழுத்து. தண்ணியே இல்லாத ஆத்துக்கு அவ்வளவு மரியாதையா?

டிடிபி பெண்: தண்ணி இருக்கா என்று இலக்கணம் எட்டிப் பார்க்காது. பெயரோடு சேர்ந்து வந்தால் ரிவருக்கும் பெரிய 'ஆர்'. வெறும் ஆறு என்றால் சின்னது. 'வேலூர் ஃபோர்ட்' பெரிய 'எஃப்'. வெறும் கோட்டை என்றால், 1806இல் சிப்பாய்கள் புரட்சி பண்ணின கோட்டையாகவே இருந்தாலும் சின்ன 'எஃப்'.

பெரியவர்: என் மச்சானும் புரட்சி பண்ணுவார்.

டிடிபி பெண்: பெரிய எழுத்து சால்வை இல்லை அண்ணா, ஆளைப் பார்த்துப் போர்த்த. இந்த ஒரு ஆள், இந்த ஒரு ஊர் என்று காட்டத்தான் அது.

பெரியவர்: அப்படி வா. சம்பந்தி ஊர் 'ஆம்பூர், நார்த் ஆற்காட்' என்று எழுதிக் கொடுத்தேன். வடக்கு எல்லாருக்கும் பொதுதானே? அதுக்கு ஏன் பெரிய 'என்'?

டிடிபி பெண்: திசையாக வந்தால் சின்னது. இங்கே மாவட்டத்தின் பெயரில் வருகிறது. ஆனால் அண்ணா, வட ஆற்காட்டை 1989லேயே பிரித்தாச்சு. ஆம்பூர் இப்போ வேலூர் மாவட்டம்கூட இல்லை, 2019லிருந்து திருப்பத்தூர்.

பெரியவர்: பார்த்தியா! இல்லாத மாவட்டத்துக்குப் பெரிய எழுத்து. உயிரோடு இருக்கிற மாமனுக்குச் சின்ன எழுத்து.

(தமிழில் இந்த வம்பே கிடையாது. மாமனும் மாவட்டமும் ஒரே உயரம்தான். ஆனாலும் வருகிறவர்கள் அத்தனை பேரும் தமிழ் படிக்கிறவர்களாக இருந்தாலும், ஆங்கிலப் பக்கம் இல்லாமல் பத்திரிகை அடிக்க நம் ஊரில் எவருக்கும் மனசு வராது.)

பெரியவர்: இதோ, 'ஆம்பூர் பிரியாணி'. ஆம்பூர் பெரிசு, பிரியாணி சின்னது. அளவாகத்தான் போடுவோம் என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா?

டிடிபி பெண்: பிரியாணியை அண்டாவில் பெரிசாகப் போடுங்கள்.

பெரியவர்: பேசாமல் முழுசையும் பெரிய எழுத்திலேயே அடித்துவிடு. தொல்லை விட்டது.

டிடிபி பெண்: அடிக்கலாம். அப்புறம் மாமனும் பிரியாணியும் ஒரே உயரம் ஆகிவிடுவார்கள், பரவாயில்லையா?

பெரியவர்: வேணாம், வேணாம்.

டிடிபி பெண்: நானும் கேட்க வேண்டும் என்றிருந்தேன். மாமன் பெயர் இருக்கிறது, சம்பந்தி பெயர் இருக்கிறது, வாழ்த்த வருகிற கவுன்சிலர் பெயர்கூட இருக்கிறது. பெண்ணைப் பெற்ற அம்மா எங்கே?

பெரியவர்: 'மிஸ்டர் அண்ட் மிஸஸ்' என்று போட்டு என் பெயர் இருக்கிறதே. அதுக்குள்ளே அவளும் அடக்கம்.

டிடிபி பெண்: அடக்கம்தான். 'மிஸஸ்'ஸுக்குப் பெரிய 'எம்'மும் போட்டாச்சு. ஆனால் இன்றைக்கு இந்தக் கடையில் ஆறு பத்திரிகை அடித்தேன், ஆறிலேயும் அந்த மிஸஸ் இருக்கிறார். இது எந்த மிஸஸ்? மாமனுக்கு ஒரு எழுத்துக்காக அரை மணி நேரமாக நிற்கிறீர்கள். அக்காவுக்கு மொத்தப் பெயரையே காணோம்.

பெரியவர்: ...இடம் பத்துமா?

டிடிபி பெண்: கவுன்சிலரைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைக்கிறேன். பெயரை இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்.

பெரியவர்: எழுத்துக்கூட்டியா?

டிடிபி பெண்: மச்சான் பெயருக்கு ரெண்டு 'டி' என்று மனப்பாடமாகச் சொன்னீர்களே.

பெரியவர்: அது நியூமராலஜி பார்த்து வைத்தது. இரு, கேட்கிறேன். (போனில்) ஏய், உன் பெயருக்கு இங்கிலீஷில் 'எச்' வருமா வராதா? ...பத்திரிகைக்குத்தான்... ஆமாம், உன் பெயர்தான்... சரி, சரி.

டிடிபி பெண்: என்ன சொன்னாங்க?

பெரியவர்: அவங்க அண்ணனைக் கேட்கச் சொல்கிறாள்.