பழைய மரச்சாமானைத் தேய்த்துக் கொல்லாதீர்கள்

பழைய மேஜையோ அலமாரியோ விற்க நினைப்பவர்களில் பலர் முதலில் தேடுவது உப்புத்தாளைத்தான். நன்றாகத் தேய்த்து, மேலே வார்னிஷ் அடித்து, "புதுசு மாதிரி ஆக்கிட்டேன்" என்று பெருமையாகக் காட்டுவார்கள். பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். காற்றும் வெளிச்சமும் மெழுகும் மனிதக் கைகளும் பல தலைமுறைகளாகச் சேர்ந்து கொடுத்த நிறம் மரத்தின் மேற்பரப்பில் மிக மெல்லிய படலமாகத்தான் இருக்கிறது. ஒரு மதியத்தில் அது தூளாகிவிடும். எந்தப் பாலிஷ்காரராலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. விவரம் தெரிந்தவர் அந்த மேஜைக்குப் பாதி விலைகூடத் தர யோசிப்பார்.

எதையும் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாற்காலி என்றால் உட்கார முடிய வேண்டும். ஆடுகிற காலை ஒட்டுங்கள், ஆனால் பழைய தச்சர்கள் வைத்த விலங்குப் பசையாலேயே ஒட்டுங்கள். சூடும் ஈரமும் பட்டால் அது இளகும், நாளைக்கு வேறொருவர் பிரித்துச் சரிசெய்ய வழியிருக்கும். எபாக்சி என்கிற இரசாயனப் பசையைப் போட்டுவிட்டால் அடுத்த முறை மரம்தான் உடையும். பழைய பூச்சு அரக்குப் பாலிஷாக இருந்தால், அதன் மேலேயே புதிதாக அரக்கு ஏற்றலாம், இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும். பாலியூரித்தேன் என்கிற இன்றைய செயற்கை வார்னிஷுக்கு அந்தக் குணம் கிடையாது.

சரி, வாங்குகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? முகப்பை விட்டுவிட்டு டிராயரை வெளியே இழுங்கள். பக்கப் பலகை முகப்போடு சேரும் மூலையில் விசிறி வடிவப் பற்கள் ஒன்றையொன்று கவ்வியிருக்கும். கையால் வெட்டியது என்றால் ஒரு பல் அகலமாகவும் ஒரு பல் ஒல்லியாகவும் இருக்கும், தச்சர் அளவுக்காகக் கீறிய கோடு பக்கத்திலேயே தெரியும். எல்லாப் பற்களும் அச்சடித்தாற்போல் இருந்தால் அது இயந்திர வேலை, பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது அதற்கும் பிறகு. அப்புறம் அடிப்பலகையைத் தடவிப் பாருங்கள். வளைவு வளைவான ரம்பத் தடங்கள் இருந்தால் வட்ட ரம்பத்தில், அதாவது இயந்திரத்தில் அறுத்த பலகை. வட்ட மேஜைக்கு இன்னொரு சோதனை உண்டு. மரம் நார் ஓடும் திசையில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். அதனால் ஒரே திசையில் ஓடும் பலகைகளால் செய்த மிகப் பழைய வட்டப் பலகையை நார் ஓடும் திசையிலும் குறுக்கேயும் அளந்தால் கொஞ்சமாவது வித்தியாசம் வர வேண்டும்.

நட்சத்திரத் தலை (பிலிப்ஸ்) ஸ்க்ரூ 1930-களில் சந்தைக்கு வந்தது. இருநூறு வருடப் பொருள் என்று சொல்லப்படுவதில் அது இருந்தால், பக்கத்தில் பழைய ஓட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பிற்காலப் பழுது வேலையாக இருக்கலாம். இல்லையென்றால் வயதையே சந்தேகிக்க வேண்டும்.

ஒரு அலமாரியின் மேல்பாதியை இன்னொன்றின் கீழ்ப்பாதியோடு சேர்த்து விற்பதும் நெடுநாள் வழக்கம்தான். பின்பலகைகளின் மரமும் நிறமும் ஒத்துப்போகாததே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இப்படிச் சேர்த்ததை நான் குற்றமாக நினைக்கவில்லை, வீட்டில் வைத்துப் புழங்க அருமையான பொருள். அதை மறைத்து முழு விலை வாங்குவதுதான் மோசடி. அதனால்தான் சொல்கிறேன், எந்த மரம், தோராயமாக எந்தக் காலம், எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது, எல்லாமே பில்லில் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதித் தர மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

ஈட்டி மரச் சாமானை நாடு விட்டு நாடு அனுப்புவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அது சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் 2017 முதல் இருக்கிறது, பிரேசில் வகைக்கு 1992-லிருந்தே மிகக் கடுமையான தடை. சுங்கப் பட்டியலில் பழம்பொருள் என்றால் 100 ஆண்டைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த வயது இருந்தாலும் சைட்டிஸ் சான்று வேண்டாம் என்று ஆகிவிடாது. பேரம் முடிப்பதற்கு முன்பே காகிதங்களைக் கேளுங்கள்.

விற்கிறவர்களுக்கு: தூசியை மென்மையான துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். கழன்று விழுந்த கைப்பிடி, சாவி, உடைந்த துண்டு எதையும் எறியாமல் உறையில் போட்டு டிராயருக்குள்ளேயே வையுங்கள். அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து, இரண்டு மூன்று வியாபாரிகளிடம் தனித்தனியாக விலை கேளுங்கள். கடையில் போட்டிருக்கும் விலை உங்களுக்குக் கிடைக்காது. வண்டிக்கூலி, பழுது வேலை, விற்கும்வரை அடைத்து வைக்கிற இடம் எல்லாம் அவர்கள் கணக்கில் வரும், அது நியாயமும்கூட.