மாத்திரை வாங்க வந்தவரின் மனைவி காரிலேயே இருந்தார்

அமெரிக்காவில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். சென்ற மாதம் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் முதுகுவலிக்கு ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை வாங்க வந்தார். ஈராக்கில் பணியாற்றியவர்; தூக்கத்துக்கும் மாத்திரை எடுக்கிறார். இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும் ஆபத்து கூடும் என்பதால், ஓபியாய்டின் வீரியத்தை முறித்து மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் நலோக்சோன் மூக்கு ஸ்பிரே பெட்டி ஒன்றையும் எடுத்து வைத்தேன். என் பக்கமே தள்ளிவிட்டார். "அது போதைக்காரர்களுக்கு. நான் மருத்துவர் எழுதிக் கொடுத்ததைத்தான் சாப்பிடுகிறேன்." முகம் சிவந்துவிட்டது.

அவர் கோபம் எனக்குப் புரிந்தது. "மயங்கிவிட்டால் இதை நீங்களே போட்டுக்கொள்ள முடியாது. வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். மனைவி காரில் இருக்கிறார் என்றார். அழைத்து வரச் சொன்னேன்.

அந்த அம்மா கேட்ட முதல் கேள்வியை மறக்க முடியவில்லை. "இவர் தினமும் குறட்டை விடுவார். எப்படிக் கண்டுபிடிப்பது?" சரியான கேள்வி. குறட்டை கரகரவென்று மாறி, மூச்சு விட்டுவிட்டு வந்தால், உதடு நீலம் பாரித்தால், தோளை உலுக்கிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் எழாவிட்டால், ஒரு நாசியில் முனையை நுழைத்து அழுத்த வேண்டும். உடனே அவசர எண் 911-ஐ அழைக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் மறு நாசியில் இரண்டாவது. மூச்சு திரும்பினாலும் ஆம்புலன்ஸ் வந்தே ஆக வேண்டும். நலோக்சோனின் வேகம் 30 முதல் 90 நிமிடங்களில் தணிந்துவிடும், உள்ளே போன மாத்திரை அதற்குப் பிறகும் வேலை செய்யும். உடலில் ஓபியாய்டு இல்லாதவருக்குப் போட்டாலும் கெடுதல் இல்லை என்று சொன்ன பிறகுதான் அந்த அம்மாவின் முகம் தெளிந்தது.

2014 ஆகஸ்டில் விஸ்கான்சின் மாநிலத்து டோமா நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையிலேயே ஜேசன் சிம்காஸ்கி என்ற முன்னாள் மரைன் வீரர் இறந்தார். வயது 35. பல மருந்துகளின் நச்சு ஒன்றுசேர்ந்ததே காரணம். மருந்தின் வீரியத்தை முறிக்கும் அவசர மருந்துகள் அந்த வார்டில் கைக்கெட்டும் இடத்தில் இல்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. மருத்துவமனை வார்டிலேயே இல்லை! அவர் பெயர் தாங்கிய சட்டப்பகுதி 2016இல் வந்தது. அதிக ஆபத்தில் உள்ள முன்னாள் வீரர்கள் நலோக்சோனுக்குக் கட்டணப் பங்கு செலுத்த வேண்டாம் என்றானது. பின்னர், இதயத் துடிப்பு திடீரென நின்றால் பயன்படும் அதிர்வுக் கருவிப் பெட்டிகளிலும் முன்னாள் படைவீரர் துறையின் மருத்துவமனைகள் இதை வைக்கத் தொடங்கின. மிக நல்ல காரியம்.

ஆனால் "அதிக ஆபத்து" என்ற சொல்லே பலரை விரட்டுகிறது. அந்த முத்திரை வேண்டாமென்று மருந்தையே வேண்டாம் என்கிறார்கள். 2023 முதல் மருந்துச் சீட்டு இல்லாமலும் வாங்கலாம் என்பது உண்மைதான்; ஆனால் இரண்டு ஸ்பிரே கொண்ட பெட்டி அந்த ஆண்டு ஏறக்குறைய 45 டாலருக்கு விற்பனைக்கு வந்தது; தனக்குத் தேவையே இல்லை என்று நம்புகிறவர் ஏன் வாங்குவார்?

ஓபியாய்டு சீட்டு எழுதப்படும் ஒவ்வொரு முன்னாள் வீரருக்கும், ஆபத்தை அளக்கும் எந்த மதிப்பெண்ணும் பார்க்காமல், மாத்திரையோடு சேர்த்தே இதைக் கொடுத்துவிட வேண்டும் என்பேன். பயிற்சியை அவர் வீட்டில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். தனியாக வாழ்பவர் என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கு.

புறப்படும்போது அந்த அம்மா, ஒன்றைப் படுக்கையறையிலும் இன்னொன்றை அடுக்களையிலும் வைக்கட்டுமா என்று கேட்டார். பிரிக்காதீர்கள், இரண்டாவதும் தேவைப்படலாம் என்றேன். பெட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. கதவை மட்டும் அவருக்காகத் திறந்து பிடித்தார்.