ஸ்டேன்னா தங்குறது இல்லையாம்

பேங்க் எக்ஸாமுக்குப் படிச்சப்போ தினமும் இருபது இங்கிலீஷ் வார்த்தை மனப்பாடம் பண்ற கூட்டத்துல நானும் ஒருத்தன். ஆப்ஃபஸ்கேட், பெர்ஸ்பிகேஷியஸ்னு வாய்க்குள்ள நுழையாததா தேடித்தேடி எழுதி, பக்கத்துலயே சிவப்பு மையில தமிழ் அர்த்தம் வேற. மூணு நோட்டு ரொம்புச்சு. அதுல முக்காவாசிய இன்னிக்கு வரைக்கும் எந்தச் செய்தியிலயும் நேர்ல பார்த்ததில்ல, அது வேற விஷயம்.

அப்பதான் ஒருநாள் பெரியப்பா என் ஹிண்டு பேப்பர எடுத்து, இது என்னடா போட்டிருக்குன்னு கேட்டாரு. 'ஹைகோர்ட் ஸ்டேஸ் டெமாலிஷன்'. நான் ரொம்ப கெத்தா, இடிக்கிறது தொடரலாம்னு கோர்ட்டு சொல்லிடுச்சு பெரியப்பான்னேன். மனுஷன் எட்டாங்கிளாஸ். கண்ணாடிய ஏத்திவிட்டு எழுத்துக்கூட்டிப் பார்த்துட்டு, "ஏன்டா, ஸ்டே குடுத்துட்டாங்கன்னுல்ல போட்டிருக்கு"ன்னாரு.

வரப்புத் தகராறுக்கு இருபது வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சவரு. ஸ்டே, ரிமாண்ட், எக்ஸ்பார்ட்டி, அஃபிடவிட் எல்லாம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. ஸ்டேன்னா இடிக்கக் கூடாதுன்னு தடை. மூணு நோட்டு வச்சிருந்த நான் தப்பா சொன்னது மட்டுமில்ல, நேர் எதிரா சொல்லியிருக்கேன்.

செய்தி இங்கிலீஷ்ல நம்மள கவுத்துவிடுறது பெரிய வார்த்தை இல்லீங்க. அது தெரியலன்னா டிக்‌ஷனரி பார்த்துப்போம். தெரிஞ்ச மாதிரியே மூஞ்சிய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கே குட்டி வார்த்தை, அதுதான். கேபினெட் நாட்னா அமைச்சரவை ஒப்புதல், யாரும் தலையாட்டல. டூ ஹெல்ட்னா ரெண்டு பேர் கைது. டேபிள் இருக்கே, நம்ம ஊர்லயும் பிரிட்டன்லயும் சபையில முன்வைக்கிறது, அமெரிக்கால அதே வார்த்தைக்கு ஓரங்கட்டி வைக்கிறதுன்னு அர்த்தம்.

இன்னொன்னு, இன்ஃப்ளேஷன் ஈஸஸ், அதாவது பணவீக்கம் தணியுது. இதப் படிச்சிட்டு விலை குறைஞ்சிருச்சுன்னு நெனச்சவங்க எத்தன பேரு? 100 ரூவா சாமான் ஒரு வருஷத்துல 6 சதவீதம் ஏறி 106 ஆச்சு, அடுத்த வருஷம் ஏத்தம் 4 சதவீதம்தான்னா அதுவும் ஈஸஸ்தான், ஆனா கடையில நீங்க குடுக்குறது 110 ரூவா சொச்சம். குறைஞ்சது ஏறுற வேகம், விலை இல்ல. இத வார்த்தையா மனப்பாடம் பண்ணி என்ன பிரயோஜனம், விஷயம் புரிஞ்சாதான் வார்த்தை ஒட்டும்.

அதனால நான் இப்ப பண்றது, சிலர் சிரிப்பாங்க, பரவால்ல, மொதல்ல தினத்தந்தி படிச்சிடுவேன், அப்புறம் அதே செய்திய இங்கிலீஷ் பேப்பர்ல தேடுவேன். இடைக்காலத் தடைன்னு காலையில படிச்சது அங்க இன்டெரிம் ஸ்டேன்னு நிக்கும், தீர்ப்பு ஒத்திவைப்பு ரிசர்வ்ஸ் ஆர்டர்ஸ், முன்ஜாமீன் ஆன்டிசிபேட்டரி பெயில், சட்டசபைய தேதி குறிப்பிடாம ஒத்திவச்சாங்கன்னா சைனி டை. நடந்தது என்னன்னு முன்னாடியே தெரிஞ்சதால வார்த்தை தானா வந்து உக்காந்துக்குது. தனியா நோட்டு எதுவும் போடல. கோச்சிங் சென்டர்ல இத யாரும் சொல்லித்தரமாட்டாங்க, சொன்னா பிடிஎஃப் எப்படி விக்கிறது.

பெரியப்பா மட்டும் அந்த ஸ்டே மேட்டர விடவே இல்ல, கல்யாண வீடு காதுகுத்துன்னு எங்க பார்த்தாலும் சொல்லிச்சொல்லி மானத்த வாங்கிட்டாரு. 2022ல உக்ரைன் போர் ஆரம்பிச்ச சமயம், ரஷ்யா மேல அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டத, டிவில ரஷ்யாவுக்கு அமெரிக்கா சாங்ஷன்னு கீழ ஓட்டினாங்க. மனுஷன் கூட்டுறவு பேங்க்ல பயிர்க்கடன் சாங்ஷன் ஆகுறதுக்கு நடையா நடந்தவரு. பார்த்துட்டு என் பக்கம் திரும்பி கேட்டாரு, "எத்தன கோடி குடுத்தானாம்டா?"