அந்த நானூறை எடுத்தது யாரு?

(பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. மாசி மாதம். வேகவைத்த மஞ்சள் களத்தில் காய்கிறது. மருமகள் தொடக்கப்பள்ளி டீச்சர். நாளைய பாடத்தை ஒத்திகை பார்க்க மாமனாரைத் திண்ணையில் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். கையில் சிலேட்டு, சாக்பீஸ். இப்படி ஒரு மாணவர் வாய்த்தால் எந்த டீச்சரும் மாறுதல் கேட்டு மனுப் போட்டுவிடுவார்.)

மருமகள்: ஏனுங்க மாமா, நல்லாக் கேட்டுக்கோங்க. சதவீதத்துல மொத்தம் மூணு ஆளுங்க. முழுத்தொகை, வீதம், பங்கு. ரெண்டு பேர் தெரிஞ்சா மூணாவது ஆளைக் கண்டுபிடிச்சிடலாம்.

மாமனார்: ரெண்டு சாட்சி கிடைச்சா திருடனைப் பிடிக்கிற மாதிரி.

மருமகள்: அதேதானுங்க. வகுப்புல 40 பிள்ளைங்க. அதுல 25 சதவீதம் பேர் லீவு. எத்தனை பேர் வரலை?

மாமனார்: பத்துப் பேர். எந்த ஊர்ல நோம்பி?

மருமகள்: நோம்பியெல்லாம் இல்லீங்க மாமா, கணக்கு.

மாமனார்: நோம்பி இல்லாம பத்துப் பேர் லீவு போட்டா உங்க ஹெட்மாஸ்டர் என்னன்னு கேக்கறதில்லையா?

மருமகள்: அவரை விடுங்க. 40 முழுத்தொகை, 25 வீதம், 10 பங்கு. இது பிள்ளைங்களுக்கு வந்துடும். முழுத்தொகையைக் கண்டுபிடிக்கச் சொன்னாத்தான் முழிக்கிறாங்க. நம்ம மஞ்சளையே வெச்சுக்குவோம். நூறு கிலோ பச்சை மஞ்சளை வேகவெச்சுக் காயவெச்சா எவ்வளவு தேறும்?

மாமனார்: ஏறக்குறைய இருபது கிலோ. மண்ணும் ரகமும் பொறுத்து ரெண்டு மூணு கூடும், குறையும்.

மருமகள்: இருபதுன்னே வெச்சுக்கலாம். காய்ஞ்சது 300 கிலோ வேணும். அப்போ பச்சை எவ்வளவு வேணும்?

மாமனார்: ஆயிரத்து ஐந்நூறு கிலோ. இதையெல்லாம் ஒரு கேள்வின்னு கேக்கறியே அம்மணி.

மருமகள்: (சாக்பீஸைக் கீழே வைத்து) மாமா! எப்படிங்க இவ்வளவு சீக்கிரம்?

மாமனார்: அஞ்சு கிலோவுக்கு ஒரு கிலோ. முந்நூறை அஞ்சால பெருக்கு, முடிஞ்சுது.

மருமகள்: போன வருசம் ஒரு பையன் 300-ல 20 சதவீதம்னு போட்டு, 60 கிலோன்னு எழுதியிருந்தான்.

மாமனார்: அறுபது கிலோ பச்சையில முந்நூறு கிலோ காய்ஞ்ச மஞ்சளா? ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல புவிசார் குறியீடு கொடுத்தாங்க. அந்தப் பையனுக்கு அதுக்கு மேலயே ஏதாவது கொடுக்கணும். நாளைக்கே நம்ம களத்துக்குக் கூட்டிட்டு வா. கேட்ட சம்பளம் தரேன்.

மருமகள்: அதனாலதான் சொல்றேன். எந்த வீதத்தைப் பார்த்தாலும் “எதுல?”ன்னு முதல்ல ஒரு கேள்வி கேக்கணும்.

மாமனார்: (சட்டென்று நிமிர்ந்து) அப்போ போன ஆடியில அந்த ஜவுளிக்கடைக்காரன் பண்ணினதுக்கு ஒரு நியாயம் சொல்லு. உங்க அத்தைக்கு ரெண்டாயிரம் ரூபாய்ச் சேலை. 50 சதவீதம் தள்ளுபடி, அதுக்கு மேல 20 சதவீதம்னு போர்டு. எழுபது போனா அறுநூறுதானே? எண்ணூறு ரூபாய்க்கு பில் போட்டான். அரை மணி நேரம் சண்டை. உங்க அத்தை சேலையைத் தூக்கிட்டு வெளியே போயிட்டா.

மருமகள்: முதல் 50 போனதும் மீதி ஆயிரம். அந்த 20 சதவீதம் மீதி ஆயிரத்துக்குத்தானுங்க, ரெண்டாயிரத்துக்கு இல்லை. எண்ணூறுதான் சரி.

மாமனார்: அதை அவன் போர்டுலயே எழுதியிருக்கலாமே?

மருமகள்: எழுதியிருந்தா நீங்க உள்ளே போயிருப்பீங்களா?

(மாமனார் பதில் சொல்லவில்லை. களத்துப் பக்கம் வந்த கோழியை “ச்சூ” என்று விரட்டுகிறார். கோழி ஏற்கெனவே போய்விட்டது.)

மருமகள்: இன்னும் ஒண்ணு. மஞ்சள் குவிண்டால் பத்தாயிரம்னு வெச்சுக்கோங்க. இந்த வாரம் 20 சதவீதம் ஏறுது. அடுத்த வாரம் அதே 20 சதவீதம் இறங்குது. விலை என்ன?

மாமனார்: ஏறினது இறங்கிடுச்சு. பழையபடி பத்தாயிரம்.

மருமகள்: 9,600.

மாமனார்: அந்த நானூறை எடுத்தது யாரு?

மருமகள்: யாரும் எடுக்கலீங்க. ஏறும்போது பத்தாயிரத்துல 20, அதனால பன்னிரண்டாயிரம் ஆச்சு. இறங்கும்போது அந்தப் பன்னிரண்டாயிரத்துல 20. அது 2,400. முழுத்தொகை மாறிப்போச்சு.

மாமனார்: என்னைக் கேக்காம எப்படி மாத்துவாங்க? சரி, முதல்ல இறங்கி அப்புறம் ஏறினா? அப்போவாவது எனக்கு நானூறு கூட வருமா?

மருமகள்: எட்டாயிரத்துக்கு இறங்கி, அதுல 20 ஏறி... அப்பவும் 9,600 தானுங்க.

மாமனார்: ஏறி இறங்கினாலும் நம்ம பணம், இறங்கி ஏறினாலும் நம்ம பணம்! இதைப் பச்சைப் பிள்ளைங்களுக்கு நடத்தறீங்க. விவசாயத்துப் பக்கமே வரமாட்டாங்க. சரி, இப்போ நான் ஒரு கணக்குச் சொல்றேன். நீ போடு.

மருமகள்: சொல்லுங்க மாமா.

மாமனார்: திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஒரு பையன் வேலைக்குப் போறான். மாசாமாசம் சம்பளத்துல 10 சதவீதம் அவன் அம்மா கையில கொடுப்பான். இந்த மாசம் நாலாயிரம் கொடுத்தான். சம்பளம் எவ்வளவு?

மருமகள்: (எழுதிக்கொண்டே) பங்கு 4,000. வீதம் 10. முழுத்தொகை 40,000. பாருங்க, எவ்வளவு சுலபம்... (நிறுத்தி) மாமா, எந்தப் பையனுங்க?

மாமனார்: நமக்கு எத்தனை பையன் இருக்கான் அம்மணி?

மருமகள்: என்கிட்ட முப்பத்திரண்டாயிரம்னு சொன்னாரு!

(சிறிது நேரம் சாக்பீஸ் சத்தம் மட்டும்.)

மாமனார்: மறைச்சது எத்தனை சதவீதம் வருது?

மருமகள்: முப்பத்திரண்டாயிரத்துல பார்த்தா 25. நாற்பதாயிரத்துல பார்த்தா 20.

மாமனார்: நாற்பதுலயே பாரு அம்மணி. பையன் பாவம்.