நான்காவது பாய்

டிசம்பர் மாத முழுநிலா நாளான உந்துவப் போயாவன்று மஹரகமைக்கு அப்பால் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் பிக்குணிகளின், அதாவது பௌத்தப் பெண் துறவிகளின், வீட்டுக்குத் தானம் கொண்டு போனோம். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் வசிக்கும் சிங்கள அக்கா மாதந்தோறும் போகிறவர். இந்த முறை என்னையும் அழைத்தார். கத்தரிக்காய்ப் பால்கறியும் பயற்றங்காய் வறையும் சமைத்து எடுத்துக்கொண்டேன். நண்பகல் தாண்டினால் அவர்கள் உணவைத் தொடமாட்டார்கள் என்று அக்கா விடிந்ததிலிருந்து அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார்.

வாடகை வீடு. முன்னறையில் சிறிய புத்தர் சிலை, சுவரோரம் சுருட்டி வைத்த மூன்று பன்பாய், கூரை ஒழுகும் இடத்தில் ஒரு பழைய பெயின்ட் வாளி. எழுபதைத் தாண்டிய மூத்த பிக்குணி, நாங்கள் பரிமாறிய சோற்றையும் கறிகளையும் பாத்திரத்தில் ஒன்றாகவே உண்டார். பிறகு பாத்திரத்தைத் தாமே கழுவி, துணியால் துடைத்து, ஒரு கணம் வெயிலில் காட்டி உள்ளே எடுத்து வைத்தார்.

இன்று போயா ஆயிற்றே, எல்லோரும் சேர்ந்து விதிகளை ஓதுவீர்களா என்று கேட்டேன்.

“நாங்கள் மூன்று பேர்தானே, மகள்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளான விநயத்தின்படி நால்வர் சேர்ந்தால்தான் சங்கம். நால்வர் இருந்தால் பிக்குணிகளுக்குரிய 311 விதிகளையும் முறைப்படி ஓதலாம். மூவர் என்றால், நான் தூய்மையாக இருக்கிறேன் என்று ஒருவருக்கொருவர் அறிவித்துவிட்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் இதைத் தவிர வேறொன்றும் என் நினைவில் ஓடவில்லை. பிக்குணிகளைப் போற்றுவதற்கு ஆட்களுக்குக் குறைவில்லை. எவ்வளவு சாந்தம், எவ்வளவு எளிமை என்று சொல்லிக் கைகூப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் பிக்குணி ஒருத்தி தனியாக ஊர் கடந்து போகக்கூடாது. ஓர் இரவைக்கூடத் தனியாகக் கழிக்கக்கூடாது. அவள் ஏற்றுக்கொண்ட விநயமே அவளுக்குத் துணைகளைக் கட்டாயமாக்குகிறது. அந்தத் துணைகள் தங்க ஒரு காணி வேண்டும், ஒழுகாத கூரை வேண்டும், நோய் வந்தால் மருந்து வேண்டும். துறவிகள் சேர்ந்து வாழும் ஓர் ஆராமம் அமையாமல் பிக்குணி வாழ்வு முழுமை பெறாது.

பெண்களுக்கு உபசம்பதை, அதாவது முழுத் துறவு, கொடுக்கும் பரம்பரை அறுந்துவிட்டது, அறுந்ததை ஒட்டவைக்க முடியாது என்பதுதான் பிக்குகளின் தலைவர்களான மகாநாயக்க தேரர்களின் பக்கத்திலிருந்து தொடர்ந்து வரும் பதில். ஆண்களின் பரம்பரையும் அறுந்துதானே இருந்தது? பதினோராம் நூற்றாண்டில் விஜயபாகு மன்னன் சோழரை வென்று பார்த்தபோது, உபசம்பதைச் சடங்குக்குத் தேவையான தொகையில் நாட்டில் பிக்குகள் இல்லை. பர்மாவிலிருந்து வரவழைத்தான். மீண்டும் அறுந்தது. 1753இல் கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சியாமிலிருந்து, இன்றைய தாய்லாந்திலிருந்து, உபாலி தேரரை அழைத்து வந்து அதை மீட்டான். தென்னிந்திய நாயக்கர் குலத்து மன்னன் அவன் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஆண்களுக்காகக் கடல் கடந்து போய்க் கேட்டார்கள். பெண்களின் அறுந்த பரம்பரையை மீட்க எந்த மன்னனும் ஒரு தோணிகூட அனுப்பவில்லை.

ஆனால் அதற்கு முன்பே பெண்கள் இங்கிருந்து கப்பலேறியிருக்கிறார்கள். 429இல் நந்தி என்ற கப்பல் தலைவனோடு சில இலங்கைப் பிக்குணிகள் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சீனப் பெண்களுக்கு உபசம்பதை கொடுக்கும் சடங்குக்கு அவர்களின் எண்ணிக்கை போதவில்லை. நந்தி 433இல் இன்னும் பதினொரு பேரை ஏற்றிச் சென்றான். அதன் பிறகு முந்நூறுக்கும் மேற்பட்ட சீனப் பெண்கள் உபசம்பதை பெற்றார்கள். அன்றும் ஆள் எண்ணிக்கைதான் சிக்கல். அன்று அதைத் தீர்க்க ஒரு கப்பலோட்டி முன்வந்தான். அப்படியிருக்க, 1996இல் சாரநாத்தில் கொரியப் பிக்குணிகளின் துணையோடு பத்து இலங்கைப் பெண்களும், 1998இல் புத்தகயாவில் சீன மரபினரின் துணையோடு இன்னும் பலரும் உபசம்பதை பெற்றதை எப்படி அந்நியம் என்று தள்ளுவது? கொடுத்த விதை திரும்பி வந்திருக்கிறது.

இது சிங்கள பௌத்தர்களின் விவகாரம், உனக்கென்ன என்று கேட்பீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் மக்களின் காணியில் விகாரை எழுப்புவதை எதிர்க்கும் அதே ஆள்தான் நான், அதில் மாற்றமில்லை. ஆனால் 993இல் இராசராசனின் படை அநுராதபுரத்தை வீழ்த்தியதைப் பாடசாலையில் பெருமையாகப் படித்தவர்கள் நாம். அந்தச் சோழர் காலத்துக்குப் பிறகு இந்தத் தீவின் பிக்குணிகளைப் பற்றிய பேச்சே வரலாற்றில் இல்லை. அசோகனின் மகள் சங்கமித்தை வந்து தொடக்கிவைத்து ஏறத்தாழ 1300 ஆண்டுகள் நீடித்த பிக்குணிப் பரம்பரை, நம் மொழி பேசிய அரசர்களின் போரில் அழிந்தது. பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மகளுக்கு மணிமேகலை என்று பெயர் வைக்கிறோம். அவள் துறவு பூண்டு பசித்தவர்க்குச் சோறிட்ட பௌத்தப் பெண் என்பதை அந்த மகளுக்குச் சொல்கிறோமா?

அடையாள அட்டையில் பிக்குணி என்று எழுதுவதற்கே அவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. 2025இல்தான் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பைக் கேட்டு அன்று மிகவும் மகிழ்ந்தேன். இருந்தாலும் அட்டை கூரையாகாது. மாதத்தில் ஒரு நாள் தானம் கொடுக்க நினைப்பவர்கள், மூன்று மாதத்துக்கு முன்பே நாள் நிரம்பிவிடும் பெரிய விகாரைகளை விட்டு, இப்படியான ஒழுங்கைக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். எந்த மதத்தவராய் இருந்தாலும் வாசலில் யாரும் கேட்கமாட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

நாங்கள் புறப்படும்போது குசினியிலிருந்து ஓர் இளம்பெண் தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்தாள். மொட்டையடித்த தலை, இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. உபசம்பதைக்கு முன் ஆறு விதிகளை இரண்டு ஆண்டுகள் பிசகாமல் காக்க வேண்டும். அவளுக்கு இன்னும் பதினான்கு மாதங்கள் இருக்கின்றன. அவளுக்குப் பாய் இருக்கிறதா என்று கேட்டேன். இப்போது பழைய விரிப்பில்தான் படுக்கிறாள் என்றார் மூத்த பிக்குணி. நேற்றுக் காலை அக்காவும் நானும் புறக்கோட்டைக்குப் போய் ஒரு பன்பாய் வாங்கி வந்தோம். அது எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. அடுத்த போயாவுக்குக் கொண்டு போகிறோம்.